புட்டிக்குள் இருக்கும் கதை
‘ஜீன் மெஷின்’ நூலைப் பற்றி ஒரு மதிப்புரை

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்துடன் பரோடா சென்று அங்கே வளர்ந்தவர். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனாத் ஆகிய இருவருடன் பகிர்ந்து கொண்டவர். அவர் 2018இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஜீன் மெஷின்’ என்னும் நூலைப் பற்றி இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது படிக்க வேண்டிய நூல். அறிவியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர வேண்டிய நூல். ஆனால் அது சொல்லும் கதையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அறிந்துகொண்டு படித்தால்தான் நூலின் முழுப் பயனும் நமக்குக் கிடைக்கும். அறியாமல் படித்தால், அறிவியல் எப்படி நடக்கிறது என்பது பற்றி ஒரு தவறான எண்ணம் மனத்தில் தங்கிவிடும். நம்மைப் போன்ற சிற்றூர்க் கல்லூரிகளில் படிப்போரையும் கற்பிப்போரையும் அந்த எண்ணம் அதிகமாகவே பாதிக்கும்.

நூல் சொல்லும் கதை

நம் உடலிலும், தென்னை மரத்திலும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவிலும் புரதங்களைக் கட்டும் தொழிற்கூடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ரைபோசோம். ஜீனில் எழுதப்பட்ட செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதமாக்குவது அதன் வேலை. பாக்டீரியாவின் ரைபோசோமில் 50க்கும் மேற்பட்ட புரதங்களும் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் பின்னிக் கிடக்கின்றன. இவ்வளவு சிக்கலான பொருளின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிவது எப்படி? அதைப் படிகமாக்கி, அதன் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிதறும் கதிர்களின் பாங்கிலிருந்து அமைப்பைக் கணக்கிட வேண்டும். 1980இல் யோனாத் முதல் படிகங்களைப் பெற்றார். 2000ஆம் ஆண்டில் ஸ்டைட்ஸ், மூர் குழுவினர் ரைபோசோமின் பெரிய பகுதியையும், ராமகிருஷ்ணன் குழுவினர் சிறிய பகுதியையும் அணு அளவில் தெளிவாக்கினர். இந்த இருபதாண்டுப் போட்டியே நூலின் முதுகெலும்பு.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு நூலின் முற்பகுதி மிகவும் பிடித்தது. ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியலில் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலிலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். அத்துறையில் தமக்குப் பெரிய எதிர்காலம் இல்லை என்று தோன்றவே, டாக்டர் பட்டம் பெற்றவர் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியலை அடிப்படையிலிருந்து படித்தார். நியூட்ரான் சிதறலைக் கொண்டு ரைபோசோமை ஆராய்வது பற்றி ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வந்த ஒரு கட்டுரைதான் அவரை யேல் பல்கலைக்கழகத்திற்கும் ரைபோசோமுக்கும் இட்டுச் சென்றது. பொதுமக்களுக்கான அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை ஒருவர் வாழ்வின் திசையை மாற்றியிருக்கிறது! இத்தகைய இதழை வாங்கிப் படிக்கும் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நூலின் இன்னொரு சிறப்பு அதன் வெளிப்படை. பரிசுகள் அறிவியலை எப்படித் திரித்துவிடுகின்றன என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்கிறார். பரிசை விரும்பியவர்களில் தாமும் ஒருவர் என்பதையும் மறைக்கவில்லை. மூவருக்கு மேல் நோபல் பரிசைப் பகிர முடியாது என்ற விதியால் தகுதி வாய்ந்த சிலர் விடுபட்டுப் போனதையும் பேசுகிறார். தம் குழுவில் உழைத்த இளம் ஆராய்ச்சியாளர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். இந்தப் பண்புகளெல்லாம் நூலுக்கு அழகு சேர்க்கின்றன.

இனி இடைவெளிக்கு வருவோம். அதை விளக்க ஒரு சிறு புட்டியைத் துணைக்கு அழைக்கிறேன். ஆராய்ச்சிக்கூடங்களின் குளிர்ப்பெட்டிகளில் இருக்கும் அந்தப் புட்டியில் வெண்மையான பொடி கொஞ்சம் இருக்கும். ‘ஈ. கோலை பாக்டீரியாவின் கடத்து ஆர்.என்.ஏ.’ என்று அதன் சீட்டில் எழுதியிருக்கும்.

கடத்து ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த வரிசையில் எந்த மூட்டை ஏற வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. லாரி அருகே ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சுமை தூக்குவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. முதுகில் ஒரு மூட்டை. கிடங்குக்காரர் சீட்டைப் பார்த்து அதற்குரிய மூட்டையை முதுகில் ஏற்றி அனுப்புகிறார்.

உயிரணுவிலும் இதுவே நடக்கிறது. பட்டியல்தான் தூது ஆர்.என்.ஏ. பட்டியலுடன் நிற்பவர் ரைபோசோம். சுமை தூக்குபவர் கடத்து ஆர்.என்.ஏ. கிடங்குக்காரர், அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ.வுடன் இணைக்கும் நொதி. கடத்து ஆர்.என்.ஏ.வின் ஒரு முனை பட்டியலின் மூன்றெழுத்துச் சொல்லைப் படிக்கிறது. மறுமுனை அமினோ அமிலத்தைச் சுமக்கிறது. இத்தகைய இணைப்பு மூலக்கூறு ஒன்று இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ் கிரிக் முன்கூட்டியே ஊகித்தார். பால் ஜாமெக்னிக், மாலன் ஹோக்லண்டு ஆகியோர் 1950களின் பிற்பாதியில் அதைச் சோதனையில் கண்டனர். ஏறத்தாழ 76 எழுத்துகள் கொண்ட இந்த மூலக்கூறு, எடையில் ரைபோசோமின் நூறில் ஒரு பங்குதான்.

லாரி அருகே நிற்பவர் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பாரா, சீட்டை மட்டும் பார்ப்பாரா? இதற்கு 1962இல் விடை கிடைத்தது. ஷாப்வில், லிப்மன், பென்சர் உள்ளிட்ட குழுவினர், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைச் சுமந்த ஈ. கோலை கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டனர். ரேனி நிக்கல் என்னும் வினையூக்கியால் சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை நீக்கினர். சிஸ்டீன் அலனினாக மாறியது; ஆனால் சீட்டு மாறவில்லை. புரதத்தில் சிஸ்டீன் வர வேண்டிய இடத்தில் அலனின் போய் அமர்ந்தது! ரைபோசோம் சீட்டை மட்டுமே பார்க்கிறது, மூட்டையைப் பார்ப்பதில்லை என்பது உறுதியாயிற்று.

இந்தச் சோதனையில் கடத்து ஆர்.என்.ஏ. ஆராயப்படும் பொருள் மட்டுமன்று. ஆராய்வதற்கான கருவியும் ஆகிவிட்டது. சோதனைச்சாலையில் நாம் ரீஏஜென்ட் என்று சொல்கிறோமே, அந்த வினைபொருள் என்ற தகுதியை அது பெற்றுவிட்டது.

இந்தக் கருவி இல்லாவிட்டால் மரபுக் குறியீட்டு அட்டவணையே இல்லை. 1961இல் நிரன்பர்க், மத்தாய் இருவரும் ஈ. கோலை பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றில் யூரிடின் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைச் சேர்த்தனர். ஃபினைல் அலனின் மட்டுமே கொண்ட புரதச் சங்கிலி உருவாயிற்று. முதல் சொல்லுக்குப் பொருள் தெரிந்தது: யு.யு.யு. என்றால் ஃபினைல் அலனின். 1964இல் நிரன்பர்க், லெடர் இருவரும் இன்னும் எளிய முறையைக் கண்டனர். மூன்றெழுத்துத் துண்டு ஒன்று, ரைபோசோம், கதிரியக்க அமினோ அமிலத்தைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ. ஆகிய மூன்றையும் கலந்து ஒரு மெல்லிய வடிதாள் வழியே வடித்தனர். சீட்டு பொருந்தினால் கடத்து ஆர்.என்.ஏ. ரைபோசோமுடன் சேர்ந்து தாளில் தங்கும். பொருந்தாவிட்டால் வடிந்து போகும். தாளில் கதிரியக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலே போதும். பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, அமெரிக்காவின் விஸ்கான்சினில் தம் குழுவினருடன் 64 மூன்றெழுத்துத் துண்டுகளையும் செயற்கையாகத் தயாரித்தார். நிரன்பர்க், கொரானா, ஹாலி மூவருக்கும் 1968இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வடிதாள் சோதனைக்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இருபது அமினோ அமிலங்களுக்கும் தனித்தனியாகக் கதிரியக்கச் சுமை ஏற்றிய கடத்து ஆர்.என்.ஏ. வேண்டும். அதை யாராவது பாக்டீரியாவிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கித் தந்தாக வேண்டும்.

புட்டி நிறைவது எப்படி?

பாக்டீரியாவைப் பெருமளவில் வளர்த்து, திரட்டி, ஃபினால் கலந்த நீரில் குலுக்குவார்கள். சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உயிரணுவிலிருந்து கசிந்து நீருக்குள் வந்துவிடும். பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ.வும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். நீர்ப்பகுதியில் ஆல்கஹாலைச் சேர்த்தால் ஆர்.என்.ஏ. வீழ்படிவாகும். செறிந்த உப்புக் கரைசலில் பெரிய ஆர்.என்.ஏ. கரையாது, சிறியது கரையும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி மீண்டும் பிரிப்பார்கள். பிறகு அயனிப் பரிமாற்றத் தூணில் ஏற்றி இறக்குவார்கள். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அமினோ அமிலங்களை மென்மையான காரக் கரைசலில் 37 டிகிரியில் வைத்து நீக்குவார்கள். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது நாற்பதுக்கும் மேற்பட்ட கடத்து ஆர்.என்.ஏ. வகைகளின் கலவைதான். அதிலிருந்து ஒரே ஒரு வகையைத் தனியே பிரிப்பது இன்னொரு பெரும் வேலை. ஈஸ்ட்டிலிருந்து அலனினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, 1965இல் அதன் எழுத்து வரிசையை வெளியிட்ட ஹாலி, 140 கிலோ ஈஸ்ட்டிலிருந்து பெற்றது சுமார் 1 கிராம் தான்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் எங்கும் இருக்கின்றன. நம் விரல் நுனியிலும் இருக்கின்றன. பாக்டீரியாவிலும் அத்தகைய நொதி உண்டு. இங்கிலாந்தின் போர்ட்டன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காமக், வேட் இருவரும் 1965இல் எம்.ஆர்.இ. 600 என்ற ஈ. கோலை இனத்தைப் பற்றி எழுதினர். முக்கியமான சிதைவு நொதி ஒன்று அந்த இனத்தில் இல்லை. அன்றிலிருந்து ரைபோசோமும் கடத்து ஆர்.என்.ஏ.வும் தயாரிப்போருக்கு அது விருப்பமான இனமாயிற்று. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில், அணு எரிபொருள் பிரிப்பில் கைதேர்ந்தவர்கள், உலோகங்களைப் பிரிக்கும் உத்தியைக் கடத்து ஆர்.என்.ஏ.வுக்கு மாற்றியமைத்தனர். அங்கே தயாரான தூய வகைகள் பிற ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் வழங்கப்பட்டன.

புட்டியில் இருப்பது நல்ல சரக்கா என்று எப்படி அறிவது? இங்கே நம் இயற்பியல் வருகிறது. ஆர்.என்.ஏ. 260 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை நன்றாக உட்கவரும். பீர்–லாம்பர்ட் விதிப்படி, உட்கவர்வைக் கொண்டு அளவைக் கணக்கிடலாம். ஒரு சென்டிமீட்டர் பாதையில் உட்கவர்வு 1 என்றால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 40 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. இருக்கிறது. கடத்து ஆர்.என்.ஏ.வின் மூலக்கூறு எடை சுமார் 25,000. 40 மைக்ரோகிராமை 25,000ஆல் வகுத்துப் பாருங்கள். 1,600 பைக்கோமோல் வரும். ஒரு பைக்கோமோல் என்பது ஒரு மோலில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு.

ஆனால் இந்த அளவு மட்டும் போதாது. கடத்து ஆர்.என்.ஏ. ஒவ்வொன்றின் வாலிலும் சி, சி, ஏ என்ற மூன்று எழுத்துகள் உண்டு. அமினோ அமிலம் அமர்வது அந்தக் கடைசி ‘ஏ’யின் மீதுதான். அந்த ஒரே எழுத்து உதிர்ந்துவிட்டால் மூலக்கூறு சுமை தூக்காது. ஆனால் நிறமாலைமானி காட்டும் எண்ணில் வேறுபாடு தெரியாது! 76 எழுத்துகளில் ஒன்று குறைந்ததை அது எப்படிக் கண்டுகொள்ளும்? ஆகவே இரண்டாவது சோதனை ஒன்று தேவைப்படுகிறது. கதிரியக்கக் கார்பன் கொண்ட அமினோ அமிலத்தையும் அதற்குரிய நொதியையும் சேர்த்து, எவ்வளவு அமினோ அமிலம் ஏறியது என்று எண்ண வேண்டும். ஒரே வகை கொண்ட தூய புட்டியில் 1,600க்கு 800தான் ஏறியது என்றால், பாதிச் சரக்கு பயனற்றது. முதல் சோதனை அளவைச் சொல்கிறது. இரண்டாவது சோதனை தகுதியைச் சொல்கிறது. இரண்டையும் செய்த பிறகே புட்டியை நம்பலாம்.

பந்தயக் கதை மறைப்பது என்ன?

இப்போது நூலுக்குத் திரும்புவோம். ராமகிருஷ்ணன் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பற்றிச் சொல்லாமல் இல்லை. அது என்ன செய்கிறது என்பதை நன்றாகவே விளக்குகிறார். பொருள்களைத் தயாரிக்கும் உழைப்பையும் அவர் புறக்கணிப்பவர் அல்லர். ரைபோசோமை எந்த நுண்ணுயிரிலிருந்து எடுப்பது, வெந்நீரில் வாழும் பாக்டீரியா ஏன் சிறந்தது, படிகம் எப்படி வளர்ந்தது என்பவற்றுக்கெல்லாம் தாராளமாக இடம் தருகிறார். அப்படியிருக்க, கடத்து ஆர்.என்.ஏ. எப்படிக் கைக்கு வந்தது என்ற வரலாறு மட்டும் ஏன் கதையின் மையத்திற்கு வரவில்லை?

காரணம் எளியது. நல்ல ரைபோசோம் படிகம் சிலரிடமே இருந்தது. அது வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. கடத்து ஆர்.என்.ஏ.வோ அக்காலத்தில் போட்டியிட்ட எல்லோருக்கும் எட்டும் பொருளாகியிருந்தது. எல்லோரிடமும் இருப்பது பந்தயத்தைத் தீர்மானிக்காது. தீர்மானிக்காத பொருளுக்குப் பந்தயக் கதையில் இடம் இல்லை. நூலாசிரியர் வேண்டுமென்றே செய்த பிழையன்று இது. அவர் தேர்ந்தெடுத்த கதை வடிவத்தின் குறை.

ஆனால் இழப்பு பெரிது. நூல் பெருமையுடன் சொல்லும் சாதனைகளுள் ஒன்றையே பாருங்கள். ரைபோசோம் சரியான சீட்டை எப்படி அடையாளம் காண்கிறது? ராமகிருஷ்ணன் குழுவினர் 2001இல் இதற்கு விடை கண்டனர். ரைபோசோமின் சிறிய பகுதியின் படிகத்திற்குள் ஆறு யூரிடின்கள் கொண்ட தூதுத் துண்டையும், ஃபினைல் அலனினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வின் படிக்கும் முனையையும் ஊறச் செய்தனர். சீட்டும் பட்டியலும் பொருந்தும்போது ரைபோசோமின் மூன்று எழுத்துகள் நகர்ந்து வந்து அந்தப் பொருத்தத்தின் வடிவத்தைத் தொட்டுப் பார்க்கின்றன! பட்டறையில் ஆணியும் துளையும் பொருந்துகின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

யு.யு.யு., ஃபினைல் அலனின் என்ற இந்த இணையை நாம் எங்கே பார்த்தோம்? நிரன்பர்க் 1961இல் கண்ட அதே முதல் சொல்! நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சொல்லை, அதே அமினோ அமிலத்திற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வின் துண்டைக் கொண்டு, அணு அளவில் பார்த்திருக்கிறார்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பாக்டீரியாவை வளர்த்தவர்கள், தூண்களில் பிரித்தவர்கள், சிதைவு நொதி இல்லாத இனத்தைத் தேடியவர்கள், எழுத்து வரிசை கண்டவர்கள், ஒரு வகையைத் தூய்மையாக்கி மற்றவர்க்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! இது ஊர் கூடி இழுத்த தேர். நூலோ கடைசித் தெருவில் வடம் பிடித்தவர்களிடையே நடந்த போட்டியாக அதைக் காட்டுகிறது.

“இது தன்வரலாறு, தயாரிப்புக் கையேடு அன்று” என்று ஆசிரியர் சார்பில் யாரேனும் வாதாடலாம். நியாயமான வாதம்தான். வடிதாள்களையும் உப்புக் கரைசல்களையும் பற்றி நூல் முழுவதும் எழுதினால் படிப்போர் கொட்டாவி விடுவார்கள். நான் கேட்பது அத்தனை பக்கங்களை அன்று. பரிசுகள் அறிவியலைத் திரிக்கின்றன என்று அவரே வாதிடுகிறார். அந்த வாதத்திற்கு மிக வலுவான சான்று, பரிசே இல்லாத இந்தப் பொது உழைப்புதான். அதற்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருந்தால் அவருடைய கருத்து இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். பரிசுக்குரியவர் மூவரா, ஐவரா, அறுவரா என்று பேசும்போது, பரிசுப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

நமக்கு இதனால் என்ன?

கேம்பிரிட்ஜில் எல்லோரிடமும் இருக்கும் பொருள் பொள்ளாச்சியில் எல்லோரிடமும் இருப்பதில்லை. அங்கே கவனிக்கத் தேவையில்லாத புட்டி, இங்கே ஒரு சோதனை நடக்குமா நடக்காதா என்பதையே முடிவு செய்கிறது. பணம் ஒதுக்க வேண்டும், தருவிக்க வேண்டும், வழியெல்லாம் குளிரில் வர வேண்டும், வந்த பின் உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே வைக்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. பந்தயக் கதையை மட்டும் படித்த நம் மாணவர், “அவர்களுக்குப் பெரிய மூளை, நமக்கு இல்லை” என்று நினைத்துக்கொள்வார். “அவர்களிடம் நம்பத்தகுந்த பொருள் இருந்தது, அதைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்” என்பதே உண்மைக்கு அருகில் இருப்பது. முதல் எண்ணம் மாணவரைச் சோர வைக்கும். இரண்டாவது எண்ணமோ கற்றுக்கொள்ளக் கூடிய ஒரு தொழிலை அவருக்குக் காட்டும்.

நம் பாடத்திட்டமும் இதில் நூலைவிட மேலாக இல்லை. கல்லூரி உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் ஆர்சினால் முறையில் ஆர்.என்.ஏ.வின் அளவைக் கண்டறிகிறோம். ஆர்.என்.ஏ. புட்டியில் வருகிறது. ஆர்சினாலுடன் கொதிக்க வைத்தால் பச்சை நிறம் வருகிறது. வரைபடம் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அந்த ஆர்.என்.ஏ. எந்த உயிரிலிருந்து வந்தது, எப்படிப் பிரிக்கப்பட்டது, சிதையாமல் இருக்கிறதா என்று செய்முறைக் குறிப்பேடு கேட்பதில்லை. பச்சை நிறம் சிதைந்த ஆர்.என்.ஏ.விலும் வரும்! முன்னே சொன்ன அளவு, தகுதி என்ற வேறுபாடு நம் வகுப்புகளில் எழுவதே இல்லை. ஃபினால் போன்ற கொடிய பொருள்களை மாணவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. கேள்வியை எழுப்புவதற்குச் செலவில்லை என்பதையே சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்தக் கலை வேரூன்றாமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்ணி குழுவினர், புரதக் கோவையைத் தொடங்கி வைக்கும் ஈ. கோலை கடத்து ஆர்.என்.ஏ.வைப் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சுமை ஏற்றிய கடத்து ஆர்.என்.ஏ.வையும் வெறுமையானதையும் அமிலக் கூழ்மத்தில் மின்புலம் செலுத்திப் பிரித்தறியும் முறை ஒன்று உண்டு. நேபாளத்தில் பிறந்தவரும் கொரானாவிடம் பணியாற்றியவருமான ராஜ்பண்டாரியுடன் சேர்ந்து வர்ஷ்ணி அதை 1991இல் வெளியிட்டார். சுமையின் பிணைப்பு காரத்தில் எளிதில் அறுந்துவிடும், அமிலத்தில் நிலைக்கும் என்பதே அதன் அடிப்படை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் ராஜன் சங்கரநாராயணன், முன்னர் பிரான்சில் பணியாற்றியபோது, ஈ. கோலையின் கிடங்குக்கார நொதிகளுள் ஒன்று தன் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் காட்சியை 1999இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். தவறான கைவாட்டமுள்ள அமினோ அமிலம் ஏறிவிட்டால் அதை இறக்கிவிடும் நொதியைப் பற்றி அவருடைய ஹைதராபாத் குழு ஆராய்ந்தது. 2020இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் புட்டியைத் தயாரிக்கவும் சோதிக்கவும் தெரிந்த கைகளால் நடந்தவை.

புட்டியின் பயன் ஆராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. தோல் புண்ணுக்கு மருந்துக் கடையில் விற்கும் மூப்பிரோசின் களிம்பு, பாக்டீரியாவின் கிடங்குக்கார நொதிகளில் ஐசோலியூசினுக்கு உரியதை முடக்கி வேலை செய்கிறது. இப்படி ஒரு மருந்து நொதியை முடக்குகிறதா என்று பார்க்க, கடத்து ஆர்.என்.ஏ.வில் சுமை ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தூய்மையாக்கிய பகுதிகளை மட்டும் ஒன்றுசேர்த்து, உயிரணு இன்றியே குழாயில் புரதம் கட்டும் கலவையை உருவாக்கினர். புரதங்களை ஒவ்வொன்றாகத் தூய்மையாக்கிச் சேர்த்தார்கள். கடத்து ஆர்.என்.ஏ.வை மட்டும் ஈ. கோலையிலிருந்து எடுத்த கலவையாகவே சேர்த்தார்கள்.

ஆகவே ‘ஜீன் மெஷின்’ நூலைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து, நாளுக்குச் சில பக்கங்களாகப் படியுங்கள். அதன் நடை எளியது. சிதம்பரத்தில் பிறந்த ஒருவர், இயற்பியலைக் கையில் வைத்துக்கொண்டு உயிரின் மையத்திற்குள் நுழைந்த கதை அது. படிக்கும்போது ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை ஒன்று வரும்போதெல்லாம், “இதற்கு வேண்டிய பொருளை யார் தயாரித்தார்? அது நல்லதென்று எப்படித் தெரிந்தது?” என்ற இரண்டு கேள்விகளையும் எழுதி, கிடைத்த விடையையும் குறித்து வையுங்கள். சில இடங்களில் நூலே விடை சொல்லும். சொல்லாத இடங்களில் உங்கள் வேதியியல் ஆசிரியரிடமோ உயிர்வேதியியல் ஆசிரியரிடமோ போய்க் கேளுங்கள். அந்த உரையாடல் தொடங்கினால், நூல் விட்டுவைத்த அத்தியாயத்தை நீங்களே எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.